417ஆம் கரத்தையின் நாலாவது ஆணி

இது நடந்தது. நடந்ததை நடந்தது என்று சொல்வதற்கும் இப்போதெல்லாம் கையில் கற்பூரம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆட்கள் அவ்வளவு கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். நம்ப மாட்டோம் என்கிறவர்கள் கம்பளை ரோட்டில், பேராதனைப் பாலத்துக்கு அரை மைல் முன்னால், ஹபீலின் கடை இருந்த இடத்தில் பட்டப்பகலில் போய் நின்றுவிட்டு வரட்டும். பட்டப்பகலில்தான். இது இராத்திரிக் கதை இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பது பயந்தாங்கொள்ளிகள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

1870ஆம் வருஷம். கார்த்திகை மாதம். வியாழக்கிழமை. பகல் பதினொன்றே முக்கால் மணி.

அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வரும், மாடு பூட்டிய ஒவ்வொரு கூண்டுக் கரத்தைக்கும் ஒரு நம்பர் உண்டு. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. பலகையைக் கரத்தையின் பின்பக்கம் ஆணி வைத்து அடித்திருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே ரோட்டோரம் ஒரு சாவடி இருந்தது. சாவடியில் ஒரு ஆள் இருந்தார். அவர் பெயர் திருச்செல்வம்.

யாழ்ப்பாணத்துக்காரர். தன்னைக் கரத்தை இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொள்வார். கந்தோர்ப் புத்தகத்தில், அதாவது ஆபீஸ் பதிவில், அவர் இரண்டாம் கிளார்க்தான். சட்டைப்பையில் ஒரு அடிக்கோலும் ஒரு குண்டுநூலும் எப்போதும் இருக்கும். பலகை ஒரு நூல் இறங்கியிருந்தாலும் கரத்தையை மறிப்பார். கழற்றச் சொல்லுவார். திரும்ப அடிக்க வண்டிக்காரனை விடமாட்டார். சுத்தியலை வாங்கித் தானே அடிப்பார். இந்த ஊரில் நேராக இருப்பவை இரண்டே இரண்டு, தான் அடித்த பலகையும் தன்னுடைய முதுகும் என்பது அவருடைய எண்ணம். மற்ற எல்லாமே அவருக்கு இளக்காரம். வண்டிக்காரர்கள் குளிக்காதவர்கள். கடைக்காரர்கள் கள்ளர்கள். கூலிச் சனம் கணக்கிலேயே இல்லை. ஆட்களின் முகத்தை அவர் பார்ப்பதேயில்லை. அவரிடம் போய், உங்களோடு தினமும் பேசுகிறவனுக்கு மீசை உண்டா என்று கேட்டால் முழிப்பார்.

அன்றைக்கு அவர் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தார். காரணம் இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குக் கண்டிக் கந்தோரில் துரை அவரைப் பார்க்க வேண்டும். தலைமை இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஒரு ஆளை அன்றே எடுக்கப் போகிறார்கள். பதினொரு வருஷமாக அவர் காத்திருந்த வேலை. போட்டிக்கு நின்ற ஒரே ஆள் நடராஜா. ஒரு கோட்டை நேராகக் கீறத் தெரியாதவன். மூன்று மணிக்கு வராதவனுக்கு வேலை இல்லை என்று துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய குதிரைவண்டியின் அச்சு முறிந்தது. கண்டி நாலு மைல். நடந்தால் ஒன்றேகால் மணித்தியாலம். நடக்கலாம். ஆனால் முதல் நாள் மழையில் ரோடு சேறு. கஞ்சிக் கோட்டோடு சேற்றில் நடப்பதா? அவர், அந்த வழியே வரும் கரத்தை ஒன்றில் ஏறிப்போவதென்று முடிவு செய்தார்.

வந்தது 417ஆம் நம்பர். ஓட்டி வந்தவன் கறுப்பையா. கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வண்டிக்காரன்.

திருச்செல்வம் பின்பக்கம் போனார். பார்த்தார். முகம் சிவந்தது.

பலகை கோணல். கொஞ்சநஞ்சக் கோணல் இல்லை. வலதுபக்கத்து இரண்டு ஆணியும் பிடுங்கப்பட்டு, அந்த முனை கீழே தொங்கியது. ஆடாமலிருக்கக் கயிறு வேறு கட்டியிருந்தது.

"உது நான் அடிச்ச பலகையல்லோ! போன கிழமைக்கு முந்தின வியாழன். பன்னிரண்டு இருபதுக்குக் கழட்டி, கழுவி, நம்பர் புதிசா எழுதி, காய வைச்சு, ரெண்டரைக்கு நாலாவது ஆணி அடிச்சன். ஆரடா பிடுங்கினது?"

பாருங்கள், என்ன ஞாபகம்! பலகை ஞாபகம், ஆணி ஞாபகம், நிமிஷம் ஞாபகம்.

"நான்தாங்க" என்றான் கறுப்பையா. தலைப்பாகை கைக்கு வந்திருந்தது. "பொணம் ஏத்துன வண்டிங்க. பதினாறு முடியிற வரைக்கும் பலகை கோணலாத்தான் தொங்கணும். இன்னும் ரெண்டே நாளு. சனிக்கெழம நானே நேரா அடிச்சிர்றேங்க."

"என்ன விசர்க்கதை?"

"வண்டியில உசுரு போனவனுக்கு, தான் எறங்கிட்டோம்னு தெரியாதுங்க. பலகை பழைய மாதிரி நேரா இருந்தா நம்ம வண்டின்னு அடையாளம் கண்டு திரும்ப ஏறிக்குவான். போகவேண்டிய எடத்துக்கு அவன் இன்னும் போய்ச் சேரலீங்களே."

திருச்செல்வம் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். அதுவும் மூக்கால்தான் சிரிப்பார்.

"உயிரோடை இருக்கேக்கையே நம்பர் வாசிக்கத் தெரியாத சனம். செத்தாப்பிறகு வாசிக்குதோ?"

"நம்பரு தெரியாதுங்க. வீரையா பாவங்க. காய்ச்சலோட கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழியில..."

"கதையாதை. சுத்தியலைத் தா. இல்லையெண்டால் நம்பரை வெட்டிவிடுவன். பிறகு தோட்டத்துக்குப் போய்ப் புல்லு வெட்டு."

நம்பரை வெட்டினால் கரத்தை ரோட்டில் ஓட முடியாது. ஐந்து பிள்ளைகள் உள்ளவன் கறுப்பையா. சுத்தியலைக் கொடுத்தான்.

வழியில் என்றால் எங்கே என்று திருச்செல்வம் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கூலிக்காரன் எங்கே செத்தால் அவருக்கென்ன!

குண்டுநூலைத் தொங்கவிட்டார். அடிக்கோலை வைத்தார். கயிற்றை அறுத்தார். இடதுபக்கத்து இரண்டு ஆணியையும் பிடுங்கி, நாலையும் புதிதாக அடிக்கத் தொடங்கினார்.

டொக். டொக். டொக்.

மூன்று அடி அடித்தார். நாலு சத்தம் கேட்டது.

எதிரொலி என்று நினைத்தார். மலைநாட்டில் எதிரொலிக்கா பஞ்சம்?

இரண்டாவது ஆணிக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும் அப்படியே. கடைசிச் சத்தம் மட்டும் வெளியிலிருந்து வந்த மாதிரி இல்லை. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இடதுபக்கத்து மாடு கழுத்தைத் திருப்பிக் கரத்தையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்துமணி ஒலிக்கவில்லை.

நாலாவது ஆணி. சரியாகப் பன்னிரண்டு இருபது. எட்ட நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். துளியும் பிசகில்லை. எவனாலும் இப்படி அடிக்க முடியாது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

கறுப்பையா ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்துப் பின்பக்கத்துச் சாக்குத் திரையை விலக்கி, மூட்டைகளுக்கு இடையில் வைத்தான்.

"உதென்ன, கோப்பி மூட்டைக்குத் தாகமோ?"

கறுப்பையா முன்னால் ஏறினான். திருச்செல்வம் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

கரத்தை கிளம்பியது. நூறு அடி போயிருக்கும். ஹபீலின் கடைக்கு முன்னால் சக்கரம் சேற்றில் இறங்கியது. ஒரு ஆள் பின்னால் தொற்றி ஏறினால் கரத்தை எப்படி ஒருதரம் அழுந்துமோ, அப்படி அழுந்தியது.

மாடுகள் நின்றன.

அடித்தும் போகவில்லை. வாலை முறுக்கியும் போகவில்லை. நேரம் பன்னிரண்டு நாற்பது. வியர்வையும் காய்ச்சல் மருந்தும் கலந்த ஒரு கசப்பு நாற்றம் பின்னாலிருந்து வந்தது. திருச்செல்வம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தம் பிடிச்ச சனம்" என்றார்.

"ஐயா, எறங்காதீங்க" என்றான் கறுப்பையா.

யார் கேட்பது? அவர் இறங்கினார். கால்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாலத்தை நோக்கி நடந்தார். பத்தடி வைப்பதற்குள் பனி இறங்கியது. மகாவலியின் பக்கமிருந்து வெள்ளையாக வந்து ரோட்டை மூடியது. போகட்டும். ரோடு ஒன்றுதானே? நேரே போனால் பாலம்.

நடந்தார்.

அரை மைல் நடந்திருப்பார். பாலம் வரவில்லை. ஆற்றுச் சத்தமும் கேட்கவில்லை. மணி ஒன்று ஐந்து.

முன்னால் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. ஒரு கரத்தை. ரோட்டின் நடுவில் நின்றது. நல்லதாகப் போயிற்று, இதிலாவது ஏறிக்கொள்வோம் என்று கிட்டப் போனார்.

பின்பலகையைப் பார்த்தார். பழக்கம் விடுமா?

417.

நேராக இருந்தது.

கறுப்பையா எப்படியோ தன்னைத் தாண்டி வந்துவிட்டான் என்று நினைத்தார். கோபம் வந்தது. முன்பக்கம் போய்ப் பார்த்தார். மாடுகள் நின்றன. ஆசனத்தில் அவர் விரித்த கைக்குட்டை கிடந்தது. ஆளில்லை.

"கறுப்பையா!"

சரி, எங்காவது ஒதுங்கியிருப்பான். அவர் கரத்தையைத் தாண்டி நடந்தார். இந்த முறை வேகமாக.

ஒன்று முப்பது.

முன்னால் ஒரு கரத்தை. பின்பக்கம் ஒரு கறுப்புப் பலகை. வெள்ளை எழுத்து.

417.

நின்றுவிட்டார். கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. குளிர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கஞ்சிக் கோட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மூன்று மணிக்குத் துரை. நடராஜா இந்நேரம் கந்தோர் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

ஓடினார்.

சேறு தெறித்தது. காலிலிருந்து ஒரு சப்பாத்து கழன்று போனது. எடுக்கவில்லை.

ஒன்று ஐம்பது. 417.

இரண்டு ஐந்து. 417.

ஒவ்வொரு தரமும் அதே பலகை. அதே நாலு ஆணி. ஒரு நூல்கூடப் பிசகாமல்... நேராக...

தாகம் எடுத்தது. சாதாரணத் தாகம் இல்லை. தொண்டை காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உடம்பு கொதித்தது. கண் எரிந்தது. மார்கழியை ஒட்டிய குளிரில் அவருக்குக் காய்ச்சல் அடித்தது.

இரண்டு இருபத்தைந்து.

அடுத்த தரம் கரத்தையின் பின்னால் வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. சேற்றில் உட்கார்ந்தார். சாக்குத் திரைக்கு அப்பால் சிரட்டையில் தண்ணீர் இருப்பது நினைவுக்கு வந்தது. எழுந்து திரையை விலக்கக் கையில் பலம் இல்லை.

பின்பலகையில் தட்டினார்.

டொக்... டொக்... டொக்...

"கறுப்பையா... தண்ணி..."

உள்ளே ஏதோ அசைந்தது.

திரும்பவும் தட்டினார்.

டொக்... டொக்...

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. எரிச்சலான குரல். யாழ்ப்பாணப் பேச்சு.

"உந்தத் தட்டலை நிப்பாட்டு. பலகை ஆடுது."

அது திருச்செல்வத்தின் சொந்தக் குரல்.

அவர் கத்தினாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. பத்து விரலையும் பலகைக்குப் பின்னால் கொடுத்தார். இழுத்தார். நகம் பிய்ந்தது. இரத்தம் வெள்ளை எழுத்தில் வழிந்தது. இழுத்தார்...

ஒரு ஆணி.

இன்னொரு ஆணி.

பலகை ஒருபக்கம் சரிந்து தொங்கியது.

கோணலாக.

பனி இல்லை.

இரண்டு முப்பது.

வெயில் கண்ணைக் குத்தியது. அவர் ஹபீலின் கடைக்கு முன்னால் சேற்றில் கிடந்தார். ஹபீல் செம்பில் தண்ணீரோடு குனிந்து நின்றான். யாருடைய செம்பிலும் வாய் வைக்காத மனிதர் அதைப் பிடுங்கிக் கடகடவென்று குடித்தார்.

ஒற்றைச் சப்பாத்தோடு அவர் கண்டிக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐந்து. துரை போய்விட்டார். வேலை நடராஜாவுக்குப் போய்விட்டது. கந்தோர்ப் பியூன் இவருடைய கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்வாசலால் போகச் சொன்னான். ஆட்களை அப்படித்தான் பார்ப்பது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்தானே.

இத்தோடு முடிந்திருந்தால், ஆளுக்கு அன்றைக்குக் காய்ச்சல், கண்டதைக் கண்டார் என்று விட்டுவிடலாம். முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் ஹபீலின் கடைக்கு வந்தார். கையில் ஒரு கடிதாசி. 417ஆம் நம்பரை வெட்டும் உத்தரவு. கறுப்பையாதான் ஒரு ஆளை உள்ளே ஒளித்து வைத்துத் தன்னை ஏமாற்றினான் என்று இரண்டு நாளாக யோசித்து முடிவு கட்டியிருந்தார். பழி போட ஆள் கிடைத்தால் பயம் பாதி போய்விடும்.

கடையோரம் கரத்தை நின்றது. கறுப்பையா வாழையிலையில் படையல் வைத்து முடித்திருந்தான். பதினாறாம் நாள். பலகையை அவனே அடித்திருந்தான். நேராக.

"உள்ளுக்கு ஆரை ஒளிச்சு வைச்சனீ?"

"யாரும் இல்லீங்க. மூட்டைதான்."

"அந்தப் பனியிலை என்னை விட்டிட்டு எங்கை போனனீ?"

ஹபீல் குறுக்கிட்டான். "பனியா? என்ன பனி தொரே? அன்டக்கி நல்ல வெயில். நான் சாக்கெல்லாம் காயப்போட்டு ஈந்தேன்."

"வண்டி இந்த எடத்த விட்டு அசையலீங்க" என்றான் கறுப்பையா. "நானும் எறங்கல. ஐயாதான் எறங்கி, வண்டியச் சுத்திச் சுத்தி நடந்தீங்க. பொறவு ஓடுனீங்க. இந்தா பாருங்க."

சேறு காய்ந்திருந்தது. கரத்தை நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு தடம். ஒரு பாதம் சப்பாத்தோடு. ஒரு பாதம் வெறுங்காலோடு. அவருடைய மற்றச் சப்பாத்து கடை வாசலில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"அப்ப ஏன் என்னை மறிக்கேல்லை?" திருச்செல்வத்தின் குரல் இறங்கிவிட்டது.

"கூப்பிட்டோமுங்க. ரெண்டு பேரும் கூப்பிட்டோம். பாத்தும் பாக்காத மாதிரிப் போனீங்க. ஐயா எப்பவும் எங்கள அப்புடித்தானே பாப்பீங்க. அதனால மொதல்ல வித்தியாசம் தெரியலீங்க."

திருச்செல்வம் கடை வாங்கில் உட்கார்ந்தார். கைக்குட்டை விரிக்கவில்லை.

"உள்ளுக்கிருந்து ஒரு குரல் கேட்டது."

"என்ன சொல்லுச்சுங்க?"

சொன்னார். அந்த ஒரு வரியைச் சொன்னார். குரலைப் பற்றிச் சொல்லவில்லை.

கறுப்பையாவும் ஹபீலும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வீரையா செத்தது வழியிலன்னு சொன்னேன்ல" என்றான் கறுப்பையா. "வழின்னா ஒங்க சாவடிதாங்க. பலகை சேறா இருக்குன்னு மறிச்சீங்க. உள்ள ஒரு ஆளு காய்ச்சலா கெடக்கான்னு சொன்னேன். பலகை காயட்டும்னீங்க. ரெண்டு மணி பத்து நிமிசம். கடைசில ஐயா ஆணி அடிக்கிறப்ப அவன் தண்ணி கேட்டு உள்ளருந்து தட்டுனான். நான் தண்ணிக்கு ஓடப் பாத்தேன். பலகையப் பிடின்னீங்க. அவன் திரும்பத் தட்டுனான். அப்ப ஐயா சொன்னீங்களே... அதே வார்த்தைதாங்க."

"நானும் கேட்டேன்" என்றான் ஹபீல்.

"பொறவு அவன் தட்டலீங்க."

திருச்செல்வம் கடிதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

வீரையாவின் முகம் அவருக்கு நினைவில் வரவில்லை. எப்படி வரும்? பார்த்ததே இல்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை இரண்டரை மணி நன்றாக ஞாபகம் வந்தது. மூன்று ஆணி அடிக்கும்வரை பலகை சனியன் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று நின்றது. நாலாவது ஆணி சுகமாக இறங்கியது.

அன்றைக்கு அவர் அதற்காகச் சந்தோஷப்பட்டார்.